நான் நிறுத்திய புகைபோக்கி

மதுக்கரைக்கு அப்பால் இப்போது சூரியத் தகடுகள் வெயில் காய்கிற இடத்தில் ஓர் அனல்மின் நிலையம் இருந்தது. அதை ஒருமுறை நான் தனியாளாக நிறுத்தியிருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது.

எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று அண்ணாந்தால் மூன்று புகைபோக்கிகள் தெரியும். முதலில் வந்த பெரியது நிலக்கரிக்கு, அடுத்தது எண்ணெய்க்கு, கடைசியாக முளைத்தது உமிக்கும் தேங்காய் மட்டைக்கும். கரிப்புகைதான் எங்களுக்கு மேகம். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் அம்மா துணி காயப்போடுவார். எங்களோடு இருந்த மாமாவுக்குக் கரிமேட்டில் வேலை. அவர் சட்டை மட்டும் தனிக் கொடியில் காயும்.

அன்று அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், ஸ்டூலில் ஏறி பியூஸ் கட்டையைச் சும்மா உருவிப் பார்த்தேன். மின்விசிறி சோம்பலாக நின்றது. வெளியே வந்தால் பெரிய புகைபோக்கியின் புகை நூலாக இளைத்து, அந்த நூலும் அறுந்தது. வானம் அவ்வளவு நீலமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ரசிக்கிற நிலையில்தான் நான் இல்லை. போத்தனூரில் ரயில் நிற்கும், கோயமுத்தூர் மில்லெல்லாம் நிற்கும், போலீஸ் ஜீப் மட்டும் ஓடும். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது என் காதில் ஏறவே இல்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கட்டையும் கையுமாக என்னைப் பிடித்தது, வேலை நேரத்தில் வீடு திரும்பிய மாமா.

"ஏனுங்க மாப்ளே, இங்க என்னங்க பண்றீங்க?"

அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன்.

"அட, நீங்கதானா நிறுத்திப்போட்டீங்க? நாங்க அத்தன பேரும் இஞ்சினியரத் திட்டிட்டிருந்தமுங்க."

"திரும்பச் சொருகுனா புகை வருமுங்களா மாமா?"

மாமா பெரிய புகைபோக்கியைச் சற்றுநேரம் பார்த்தார். "ஊட்டு லைட்டு வரும் கண்ணு. மொதல்ல அதப் பாப்போம்."

உள்ளே போய், தண்ணீரோடு திரும்பியிருந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "கரிப்பக்கத்த இன்னியோட மூடிப்போட்டாங்கக்கா. எண்ணெயும் உமியும் போதும்ங்கறாங்க."

என்னைக் காட்டிக்கொடுக்காத மாமாவை மனதுக்குள் கும்பிட்டேன்.

அம்மா அன்று வானத்தைப் பார்க்காமலே துணி காயப்போட்டார். மாமாவின் காக்கிச் சட்டையை நாலு தண்ணீரில் அலசி, எங்கள் வெள்ளைத் துணிகளோடு ஒரே கொடியில் போட்டார். மூன்று நாளாகியும் அதை யாரும் எடுக்கவில்லை. மாமா எங்கும் போகாமல் பகலெல்லாம் என்னோடு தாயம் ஆடினார். ஒவ்வோர் ஆட்டத்திலும் தோற்றார்.

ஒன்றை நிறுத்தியதற்கே இவ்வளவு சுகமென்றால் மற்ற இரண்டையும் எப்போது நிறுத்தலாம் என்று நான் பியூஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.