அச்சுக்குப் பதில் தீக்குச்சி

வாட்ச் ரிப்பேர்க்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். சின்ன வயதில் அவருடைய அண்ணன் பாகம் பாகமாக ஒட்டிச் செய்த பொம்மைக் கார் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். அதைச் சொல்லியே ஐம்பது வருஷம் ஓட்டினார்.

"எங்கண்ணன் ஓட்டுற பஸ்ஸும் இப்படித்தான் நண்டு மாதிரி போகும்!"

அண்ணன் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அண்ணிக்குத்தான் பொறுக்கவில்லை.

"பேசுற வாய் வேலையும் செய்யட்டும், கொழுந்தனாரே. நீங்களே சரி பண்ணிக் கொண்டாங்க" என்று காரை அவர் கையில் திணித்தாள்.

கடையில் உட்கார்ந்து பழைய பசையைச் சுரண்டி அடிப்பாகத்தைப் பிரித்தார். முன்சக்கரங்களுக்கு நடுவே அச்சு இல்லை, தீக்குச்சி இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஒன்பது வயதில் அந்த அச்சை மிதித்து ஒடித்து, சத்தம் காட்டாமல் சாக்கடையில் போட்டது அவரேதான். மறந்தே போயிருந்தார், மகராசன்.

கம்பி வெட்டிப் புது அச்சுப் போட்டார். கார் நேராக நின்றது. அதை அண்ணன் முன்னால் கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் குச்சியையும் வைத்தார்.

"அச்சை ஒடிச்சது நான்தாண்ணே."

"தெரியும்டா. உன் கால்ல குத்தின துண்டைப் பிடுங்கினதே நான்தானே."

"அப்புறம் ஏண்ணே இத்தனை வருஷமா வாயே திறக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

அடுப்படியிலிருந்து வந்த அண்ணி காரைத் தள்ளிப் பார்த்தாள். "அடேயப்பா! நீங்க கிண்டல் பண்ணினதுல தப்பே இல்ல, கொழுந்தனாரே. இவருக்கு எதைச் செஞ்சாலும் கோணத்தான் வரும்."

"இல்ல அண்ணி, கார் கோணினது என்னாலதான்" என்றார். குச்சியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.