ஒன்பதாம் கட்டிலின் நாடி

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பத்தைந்து வருஷம் நர்சாக இருந்தவள், எத்தனையோ பேரின் கண்ணை இந்தக் கையால் மூடிவிட்டவள், பிணவறைச் சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போய் வந்தவள், ஒரு நிழல்கூட என்னைப் பயமுறுத்தியதில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் நடுராத்திரியில் இல்லை, சாயங்காலம் நாலு மணிக்கு, ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம் வந்துகொண்டிருக்கும்போது.

எனக்கு ஊர் நல்லேப்பிள்ளி. வயல், தோப்பு, வேலையாட்கள் என்று வசதியான வீடு. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் நர்சு படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா ஆடிப்போய்விட்டார். "ஏனம்மிணி, கண்டவங்க கையையுங் காலையும் புடிக்கற வேலை நம்மூட்டுப் புள்ளைக்கு எதுக்கு?" என்றார். மூன்று நாள் பட்டினி கிடந்துதான் சம்மதம் வாங்கினேன். அப்பாவை ஜெயித்துவிட்டேன் என்று அப்போது எனக்கு ஏகப்பட்ட பெருமை. அவர் வாயால் சொன்னது என் உடம்புக்குள்ளும் இருந்தது, அதுதான் எனக்குத் தெரியவில்லை.

படிப்பு முடிந்து ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். அதை ஒழுங்காக முடித்தால்தான் சர்டிபிகேட் கைக்கு வரும். என்னை அனுப்பியது ஏலப்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டுகளுக்கு நடுவில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு. பெண்கள் வார்டில் இருபது கட்டில். காலை ஆறு, பத்து, மாலை நாலு, ராத்திரி எட்டு என்று நாலு வேளையும் ஒவ்வொருவருக்கும் சூடும் நாடியும் பார்த்து சார்ட்டில் குறிக்க வேண்டும். நாடியை முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும் என்பது பாடம். இருபது பேருக்கு இருபது நிமிஷம் யார் எண்ணுவது? சீனியர் பெண்கள் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முந்தின வேளை என்ன எழுதியிருக்கிறது என்று பார், ரெண்டு கூட்டு அல்லது ரெண்டு குறை, எழுதிவிட்டு நகர். எல்லாரும் செய்தார்கள், நானும் செய்தேன். ஆனால் நான் யாருக்குச் செய்தேன் என்று பார்த்தீர்களா, அங்கேதான் இருக்கிறது விஷயம். வாத்தியார் மனைவிக்கும் கடைக்காரர் மகளுக்கும் கையைப் பிடித்து எண்ணினேன். கொழுந்து கிள்ளுகிற பெண்களுக்குத்தான் இந்தக் கூட்டல் கழித்தல். அவர்கள் கை விரலெல்லாம் தேயிலைக் கறை ஏறிக் கறுத்துக் கிடக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அழுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலையாட்களைத் தொடாமல் வளர்ந்த வீட்டுப் பெண் வேறு என்ன சொல்லுவாள்?

ஒன்பதாம் கட்டிலில் செல்லத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. மழையில் சறுக்கிக் கூடையோடு சரிவில் உருண்டு விழுந்து, இடது விலாவில் அடி. வெளியே காயம் ஒன்றுமில்லை, வயிற்றுவலி மட்டும்தான். டாக்டர் எங்களை நிறுத்திவைத்துச் சொன்னார், உள்ளே ரத்தம் கசிந்தால் முதலில் நாடிதான் காட்டிக்கொடுக்கும், துடிப்பு ஏறினால் அந்த நிமிஷமே சொல்லுங்கள், ஜீப்பில் ஏற்றிக் கோட்டயம் அனுப்பிவிடலாம் என்று. நானும் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு நான் அவள் கட்டிலுக்குப் போனபோது அவளே கையை நீட்டினாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. "தாகமாவே இருக்கு நர்சம்மா" என்றாள். தண்ணீர் கொடுக்கச் சொல்லி ஆயாவிடம் சொன்னேன். ஆறு மணிக்கு ராத்திரி டூட்டி நர்சு எழுபத்தாறு என்று எழுதியிருந்தாள். நான் எழுபத்தெட்டு என்று எழுதினேன். நீட்டிய கை நீட்டியபடி இருக்க அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன். அன்று எனக்கு ஒரு மணியிலிருந்து நாலு வரை ஓய்வு, குவார்ட்டர்ஸுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

நாலு மணிக்குத் திரும்பி வந்தேன். வார்டு சிஸ்டர் மேஜையில் இல்லை. சார்ட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு வழக்கம்போல ஒன்றாம் கட்டிலிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்பதாம் கட்டிலில் செல்லத்தாய் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது, காலையில் பார்த்த வெளுப்பு இல்லை. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாள்.

"காலையில என் கையப் பிடிக்கவே இல்லியே நர்சம்மா. இப்பமாவது நல்லா எண்ணிப் பாருங்க."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. சட்டென்று கையைப் பிடித்தேன். அந்தக் கையில் கறையே இல்லை. நம்பினால் நம்புங்கள், விரல் நுனியெல்லாம் வெளுப்பாக, குளித்துவிட்டு வந்தவளின் கை மாதிரி ஈரமாக, எலுமிச்சை வாசனையோடு இருந்தது. சூடாகவும் இருந்தது, அதை நான் எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினேன். எழுபத்திரண்டு. ஒரு துடிப்பு தவறவில்லை. நிம்மதியாக சார்ட்டில் குறித்துவிட்டு மிச்சக் கட்டில்களை முடித்தேன்.

கால் மணி நேரத்தில் வார்டு சிஸ்டர் வந்தாள். மலையாளி, கறாரான மனுஷி, ஆனால் நியாயம் தவறாதவள். ஒன்பதாம் சார்ட்டைத் தேடி எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒன்பதாம் நம்பர் ரெண்டரைக்கே மரிச்சுப் போயி. பாடியைப் பிணவறை ஷெட்டுக்குக் கொண்டு போயாச்சு. நீ நாலு மணிக்கு யாரோட பல்ஸ் எழுதி வெச்சிருக்கே?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஒன்பதாம் கட்டிலில் மெத்தைகூட இல்லை, வெறும் இரும்புச் சட்டம், டெட்டால் போட்டுத் துடைத்த ஈரம்கூட முழுசாகக் காயவில்லை. பத்தாம் கட்டிலில் இருந்த ஆஸ்துமாக்கார அம்மாளிடம் ஓடினேன். நான் எண்ணியதை நீங்கள் பார்த்தீர்கள்தானே என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "பாத்தேம்மா. வெறுங் கட்டில்கிட்ட குனிஞ்சு நின்னு வாட்சையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. பிரார்த்தனை பண்ணுறீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

சிஸ்டர் எதையும் நம்பவில்லை. செத்தவளுக்கு நாடி எழுதிய பெண் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சாகிவிட்டது. விசாரணை வைத்தார்கள். அங்கேதான் சிஸ்டர் என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள், பத்து மணிக்கும் இப்படித்தான் எழுதினாயா என்று. உண்மையைச் சொன்னால் சர்டிபிகேட் போய்விடும், அப்பா ஊரில் வாய்விட்டுச் சிரிப்பார். "இல்லை சிஸ்டர், பத்து மணிக்கு எண்ணித்தான் எழுதினேன்" என்றேன். நம்பிவிட்டார்கள். பத்து மணி வரை நாடி சரியாக இருந்தது, மண்ணீரல் திடீரென்று கிழிந்துவிட்டது, யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் எழுதினார். நாலு மணிக் குறிப்புக்காக எனக்கு இரண்டு மாதம் கூடுதல் டூட்டி. என் வாழ்க்கையில் அத்தனை உண்மையாக எண்ணியது அந்த ஒரு நாடிதான், அதற்குத்தான் தண்டனை. பொய் எண்ணிக்கைக்கு ஒன்றுமில்லை.

டாக்டர் பிற்பாடு என்னைக் கூப்பிட்டு ஆறுதலாகச் சொன்னார், பயத்தில் உன் விரல் நுனித் துடிப்பையே நீ எண்ணியிருப்பாய் என்று. நீங்களும் அதைத்தான் நினைக்கிறீர்கள், தெரிகிறது. நானும் அப்படி நினைத்துத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். செல்லத்தாயின் புருஷன் காரியம் எல்லாம் முடிந்து ஒரு நாள் சாவுச் சர்டிபிகேட் வாங்க வந்தான். கடைசி நாளில் டூட்டி பார்த்த நர்சு நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், என்னைத் தேடி வந்து கும்பிட்டான். ஏதாவது பேச வேண்டுமே என்று எல்லாம் நல்லபடியாக நடந்ததா என்று கேட்டேன்.

"நடந்துச்சு நர்சம்மா. இங்க ஷெட்டுலயே, லயத்துல எங்ககூடக் குடியிருக்க பொம்பளைங்க வந்து கையக் கழுவி விட்டுட்டாங்க. எங்க லயத்துல பொம்பளயாளு போயிட்டா, எலுமிச்சம்பழம் தேச்சுக் கறையப் போக்கித்தான் எடுப்போம். அங்கயும் போயிக் கொழுந்து கிள்ளக் கூடாது பாருங்க."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். நாலு மணிச் சங்கு ஊதும்போது தேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்றான். நான் அந்தக் கையைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்த நேரம். அவனோ, "நீங்க என்ன பண்ணுவீங்க நர்சம்மா, பத்து மணி வரைக்கும் நல்லாத்தான இருந்திருக்கா" என்று எனக்கே ஆறுதல் சொன்னான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அங்கே வேறு யாரும் இல்லை. நான் ஆமாம் என்று தலையாட்டி அனுப்பிவிட்டேன். அந்தத் தலையாட்டலுக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

பிறகு முப்பத்தைந்து வருஷம் ஒரு நாடியைக்கூட நான் எண்ணாமல் எழுதியதில்லை, அதனால் யாருக்கு என்ன ஆகப்போகிறது. ஒன்றை மட்டும் விசாரணையில் சொல்லவில்லை, கட்டிக்கொண்டவரிடமும் சொல்லவில்லை. எண்ணி முடித்து நான் கையை விட்டதும் அவள் கேட்டாள், "நான் பொழச்சுக்கிடுவேன்ல நர்சம்மா?" என்று. சார்ட்டில் எழுதிக்கொண்டே, "உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, நாளைக்கே ஊட்டுக்குப் போயிரலாமுங்க" என்றேன். ஒரு கூலிக்காரப் பெண்ணிடம் நான் அப்படி மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை அவள் நம்பினாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.