பொத்தானை மூடிய சீட்டு

வண்டி பழுதானால் முதலில் ஓட்டுநரை ஊருக்கு அனுப்புவது, பிறகுதான் வண்டியைப் பார்ப்பது. ஷார்ஜாவில் நான் போக்குவரத்துப் பொறுப்பாளனாக இருந்த நிறுவனத்தின் நடைமுறை அது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சிவகங்கைப் பக்கத்து ஓட்டுநர் ஒருவன், ஜெனரேட்டர் ஏற்றிய டிரெய்லரைப் பிக்கப்பில் இழுத்துக்கொண்டு புஜைரா மலைச்சாலையில் ஏறியபோது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் புகைந்து நின்றுவிட்டது. வண்டி வந்து சேர்ந்ததும் நானே பானட்டைத் திறந்து பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய கியர் ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை வீசியது.

என்னைவிட இருபது வயது இளைய மேலாளர், சென்னைக்காரர், என் மேசைக்கே வந்தார்.

"டிரைவர் மிஸ்டேக்னு ரெண்டு வரி எழுதிடுங்க சார். விசாவைக் கேன்சல் பண்ணி அனுப்பிடலாம். கலாஸ், கதை முடிஞ்சுது."

விசாரிக்காமல் எழுத முடியாது என்றேன். ஓட்டுநரை அழைத்தேன்.

"பாரம் இழுக்கும்போது ஓவர்டிரைவை ஆஃப் பண்ணணும்னு தெரியாதாய்யா உனக்கு?"

"தெரியும் சார். ஏத்தத்துல கியர் மூணுக்கும் நாலுக்கும் மாத்தி மாத்தி விழுந்து சூடேறிருச்சு. அந்தப் பட்டன் மேலதான் நீங்க சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கீகளே. கிழிச்சிருந்தா அதுக்கொரு மெமோ குடுத்திருப்பீக."

"வாயை மூடு!" என்று கத்தினேன். ஆனால் அவன் சொன்னது அப்பட்டமான உண்மை. பெட்ரோலை மிச்சப்படுத்தும் மேல் கியரான ஓவர்டிரைவை ஓட்டுநர்கள் அணைத்து வைக்கிறார்கள் என்று, எல்லா வண்டிகளிலும் பொத்தானை மூடிச் சீட்டு ஒட்டச் செய்தவன் நான். கிழித்தால் தண்டனை என்று சுற்றறிக்கையும் விட்டிருந்தேன். இழுவைக்குப் போகும் வண்டிக்கு விலக்கு வேண்டும் என்பது, பொறியியல் படித்த எனக்குத் தோன்றவில்லை.

தவறு என்னுடையது என்று ஒரு பக்கம் எழுதி மேலாளரிடம் நீட்டினேன். அவர் கையில் வாங்கவில்லை.

"எதுக்கு சார் இவ்வளவு வருஷத்துப் பேரைக் கெடுத்துக்கறீங்க? இவன் போனா இன்னொருத்தன் வருவான்."

"என் பேரை நான் பார்த்துக்கறேன். நீங்க வழியை விடுங்க."

தாளை நானே கொண்டுபோய் உரிமையாளரான அரபியின் மேசையில் வைத்தேன். அவர் படித்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஓட்டுநரின் வேலை தப்பியது. போக்குவரத்துப் பொறுப்பு என் கையை விட்டுப் போயிற்று. அதன்பின் அங்கிருந்த நாள்வரை அந்த மேலாளருக்கு நான் வணக்கம் சொல்லவில்லை.