கோல் கம்பத்தைத் தட்டியவன்

மூன்று வருடமாக நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தின் கால்பந்து டீமுக்கு நான்தான் கோல்கீப்பர். நான்காம் வருடம் சீசன் தொடங்கிய வாரத்தில் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு, புதிதாக வந்த ஒருவனை இறக்கினார்கள். ஒல்லி உடம்பு, நீளக் கை, எண்ணெய் வழியும் தலை. பார்த்தவுடனே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

விசில் ஊதுவதற்கு முன் அவன் இரண்டு கோல் கம்பங்களையும் விரலை மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்பான். முதல் ஆட்டம் கோரமண்டல் சுரங்கத்து டீமோடு. நான் பக்கத்தில் போய்க் கிண்டலாகக் கேட்டேன்.

"இன்னாப்பா, கம்பம் இன்னா சொல்லுது?"

"சுரங்கத்துல தலைக்கு மேல இருக்கற பாறையத் தட்டிப் பாக்காம வேலையில கை வெப்பமாண்ணே? அதே பழக்கம்தான்" என்று சிரித்தான்.

அந்த வாரம் இரண்டு ஆட்டம். அவன் கைக்கு எட்டாத பந்தெல்லாம் கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. இதே கம்பத்தில் பட்டு எனக்கு எத்தனை பந்து உள்ளே போயிருக்கிறது! ஜனங்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மைதானம் காலியானதும் நான் போய்க் கம்பத்தைத் தட்டிப் பார்த்தேன். சுரங்கத்தில் பாறை கெட்டியாக இருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று சத்தத்திலேயே சொல்லிவிடும் காது என்னுடையது. மரம் மரமாகத்தான் சத்தம் போட்டது. அடுத்த கம்பத்துக்கும் போய், விரல் வலிக்கும்வரை தட்டினேன்.

அவனிடம் மட்டும் அது அப்படி என்னதான் சொன்னது?