தரவையில் ஒரு கோல்ஃப் மைதானம்

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் நுவரெலியாவில் வைத்திருந்த கடை எரிந்த பிறகு, சித்தப்பாவும் சித்தியும் கப்பலேறி வந்து நெடுந்தீவில் எங்கள் வீட்டில் தங்கினார்கள். சித்தியிடம் ஒரு துணிப்பை இருந்தது. சித்தப்பாவிடம் ஒரு கோல்ஃப் தடியும், காலுறைக்குள் திணித்த சில பந்துகளும். இத்தனை வருடம் வியாபாரம் செய்தவரின் தேட்டம் இதுதானா என்று ஊர் வாயைப் பிளந்தது.

கடைக்குப் பக்கத்தில் கோல்ஃப் மைதானம் இருந்ததாம். துரைமார் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே அவருக்கும் அந்தப் பித்துப் பிடித்திருந்தது.

எங்கள் வீட்டில் அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் உட்காருவார், எழும்புவார், படலைவரை போய் வீதியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். சோற்றுக் கோப்பையை ஏந்தியபடி முற்றத்தில் நடந்துகொண்டே சாப்பிடுவார். இப்படியே இரண்டு வருடம் போனது. கடைசியில் வீடு கொள்ளாமல் தரவைக்குப் போனார். ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வாரிசுகள் மேய்கிற, கடல்வரை விரிந்த வெறும் புல்வெளி அது. அங்கே குழிகள் கிண்டிப் வெறும் பால்மாத் தகர ரின்களைப் புதைத்தார். குழிக்குக் குழி தடி நட்டு, சித்தியின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடி கட்டினார்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். தீவின் சரித்திரம் தன்னைக் கேட்காமல் அசையாது என்பது அவருடைய எண்ணம்.

"ஒல்லாந்தன் குதிரை வளர்த்த தரை இது. இதிலை கிடங்கு கிண்டுறியே!"

"அண்ணை, இந்த விளையாட்டைத் தொடக்கினதே ஒல்லாந்தன்தான் எண்டு துரை ஒருத்தர் சொன்னவர். குதிரைக்குப் புல்லுப் போட்டிட்டு, பின்னேரத்திலை அவன் இங்கை வேறை என்ன செய்திருப்பான் எண்டு நினைக்கிறியள்?"

தான் அறியாத ஒரு சரித்திரம் தம்பியிடம் இருந்ததை அப்பாவால் பொறுக்க முடியவில்லை. பல நாள் சித்தப்பாவோடு பேசவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பாவோடு ஆட வேறு யாரும் முன்வராததால் நானே அவருடைய எதிராளி. ஒரு நாள் காலை நான்தான் வென்றுகொண்டிருந்தேன். பந்து குழிக்குக் கிட்ட நின்றது. தடியை ஓங்கியபோது கடற்பக்கமிருந்து ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது.

"தடியைப் போட்டிட்டு ஓடு பிள்ளை! மதிலோடை படு!"

தரவை விளிம்பில் பவள முருகைக்கல் அடுக்கிய மதிலோரம் குப்புற விழுந்தேன். ஹெலிகொப்டர் தாழப் பதிந்து வந்து எங்களைச் சுற்றியது. குதிரைகள் சிதறி ஓடின. சிவப்புக் கொடிகள் காற்றில் படபடவென்று அடித்தன. அவை விளையாட்டுக் கொடிகள் என்று மேலே துவக்கோடு இருக்கிற ஆமிக்காரனுக்கு யார் சொல்வது?

சித்தப்பா படுக்கவில்லை. ஓடவுமில்லை. ஒவ்வொரு கொடியாக நடந்து போய்ப் பிடுங்கினார். தலைக்கு மேலே அது சுற்றச் சுற்ற, கடைசிக் கொடியையும் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, இரண்டு வெறுங்கைகளையும் விரித்து மேலே பார்த்தபடி நின்றார். அது இன்னும் ஒருமுறை சுற்றியது. பிறகு கடலைப் பார்த்துத் திரும்பிப் போனது. நான் எழும்பிக் கைதட்டினேன்.

வீட்டு வாசலில் அப்பா அவருடைய இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "உனக்கென்ன விசரே? சுட்டிருந்தால்?"

சித்தப்பா உள்ளே போய் வெறும் தரையில் சரிந்தார். சற்று நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது.

மத்தியானமாயிற்று, பின்னேரமுமாயிற்று. வெல்லவேண்டிய ஆட்டம் தரவையில் அப்படியே கிடந்தது. பொறுக்கமாட்டாமல் அவரை எழுப்பப் போனேன். அறை வாசற்படியில் இருந்த சித்தி காலைக் குறுக்கே நீட்டி மறித்தா.

"எழுப்பாதை பிள்ளை." பிறகு அம்மாவிடம் திரும்பி, "கடை எரிஞ்ச நாளுக்குப் பிறகு இப்பதான் அக்கா, ஒழுங்கா நித்திரை கொள்ளுறார்" என்றா.

சித்தியின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, முகம் சிரித்தது. அம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தா. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் வந்து நின்றார். மூன்று பெரியவர்களும் கோயில் திரை விலகக் கண்டவர்கள்போல அந்த அறைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதர் குறட்டை விடுவதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.