கழுத்தைச் சாய்க்க வேண்டாம்

என் தங்கையின் எலும்புகள் பிறவியிலேயே இலகுவில் நொறுங்குபவை. எங்கள் ஊரான சல்லியில் அவள் அடிக்கடி கை கால் முறித்துக்கொள்வதை எல்லோரும் அறிவார்கள். காரணம் மட்டும் வீட்டைத் தாண்டாது. படியில் விழுந்தாள், மணலில் சறுக்கினாள் என்று அம்மா சொல்லிவிடுவார். பரம்பரை நோய் வருத்தம் என்று கதை பரவினால் என் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயம் அவருக்கு.

போன வருடம் அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. சோறு நெஞ்சில் நின்றுவிடும். தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்ப்பாள். அதுவும் திரும்பி வரும். பத்தொன்பது வயதில் அவளுடைய பள்ளிக்கூடச் சட்டைகள் மறுபடி அளவாகின. உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை திறக்க மறுக்கிறது என்றார்கள் கொழும்பு ஆஸ்பத்திரியில். வெளியில் ஒரு காயமும் இல்லாமல், கமெரா பொருத்திய குழாயை வாய்வழியே இறக்கி, உள்ளேயே அந்தத் தசையை வெட்டிவிடலாமாம்.

அதுவரை கிளினிக்குக்கு அம்மாதான் கூட்டிப்போனார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன்; லீவு கிடைக்கவில்லை. சிகிச்சைக்கு முதல்நாள்தான் போய்ச் சேர்ந்தேன். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் ஒரு தமிழ்ப் பெண். மயங்கியதும் தலையைப் பின்னால் சாய்த்து மூச்சுக்குக் குழாய் போடுவோம் என்று விளக்கிவிட்டு, வேறு ஏதும் வருத்தம் உண்டா என்று கேட்டார்.

"ஒண்டும் இல்லை டொக்டர்" என்றார் அம்மா. மேசைக்குக் கீழே என் கையை இறுக்கிப் பிடித்தார்.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பிலிருந்து அவளுடைய ஒவ்வொரு முறிவையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். அம்மாவின் கையை விலக்கி, பையைத் திறந்து அதை எடுத்தேன்.

"டொக்டர், இவவுக்கு எலும்பு நொறுங்கிற வருத்தம் இருக்கு. கழுத்தைச் சாய்க்க வேண்டாம்."

அவர் கடைசிப் பக்கம் வரை வாசித்தார். சிகிச்சை இரண்டு நாள் தள்ளிப்போனது. கழுத்தை அசைக்காமல், மெல்லிய கமெராவால் பார்த்தபடி மூச்சுக்குக் குழாய் போட முடிவெடுத்தார்கள். அக்குளில் பிடித்துத் தூக்காமல், படுக்கை விரிப்போடு சேர்த்து நாலு பேர் எப்படித் தூக்குவது என்று தாதிமாருக்கு நான் செய்து காட்டினேன்.

"அக்கா இங்கயும் வகுப்பெடுக்கத் தொடங்கிட்டா" என்றாள் தங்கை. அம்மா அந்த இரண்டு நாளும் என்னோடு பேசவில்லை.

தசை வெட்டப்பட்டது. ஒரு எலும்பும் முறியவில்லை. அடுத்த நாள் அவள் குடித்த தண்ணீர் நிற்காமல் இறங்கியது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு இன்னும் கேட்டாள். நான் வெளியே வந்து ஆசைதீர அழுதேன்.

ஒரு மாதம் கழித்து, எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டு பக்கத்து வீட்டு மாமி வந்தார். அம்மா அவரைக் கதிரையில் இருத்திவிட்டுச் சொன்னார்:

"சின்னவளுக்கு எலும்பு நொறுங்கிற வருத்தம். பெரியவள் எழுதி வைச்சதாலதான் தப்பினவள். இதைக் கேட்டும் விருப்பமெண்டால் வரச் சொல்லுங்கோ."

குசினிக்குள் தங்கை சோற்றைப் பிசைந்து கொண்டிருந்தாள். பக்கத்தில் தண்ணீர்க் கோப்பை இல்லை.

"அம்மா, இன்னொரு மீன் துண்டு போடுங்கோ" என்றாள்.