மூன்றாவது கொட்டேஷன்

சர்வர் விற்கிற தொழிலில் சர்வரைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருப்பதில்லை. விலை பேசுவார்கள், தள்ளுபடி பேசுவார்கள், டெலிவரி தேதி பேசுவார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நீங்களாக ஆரம்பித்தால், வீட்டு ரகசியத்தைக் கேட்டுவிட்ட மாதிரி பார்ப்பார்கள். கொட்டேஷன் அடித்தே விரல் தேய்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்காகச் சாட்சி சொல்லுங்கள்.

இரண்டாயிரத்து இரண்டில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்துவிட்டு, கல்கத்தாவின் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். முதலாளி மித்ரா-தா; 'தா' என்றால் வங்காளியில் அண்ணன். என்னையும் சேர்த்து ஆறு பேர். நான் வாய் திறக்காத பெண் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டதால், வெளியே அனுப்பாமல் கொட்டேஷன் எழுத உட்கார வைத்தார்கள். ஆறு மாதம் தற்காலிக வேலை. ஐந்தாவது மாதம் விற்பனைக்கு இருந்தவர் விலகிப் போய்விட, மித்ரா-தா என்னைக் கூப்பிட்டார். கிடர்பூரில் ஒரு கிளியரிங் ஏஜென்சி சர்வர் வாங்கப் போகிறது, நீ போ என்றார். ஆர்டர் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் மாதக் கடைசியோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை கிலோ?

கைவண்டிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனால் துறைமுகத்துப் பக்கம் ஒரு சந்து. அதில் இரண்டாவது மாடியில் அந்த ஆபீஸ். கப்பலில் வரும் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துக் கொடுப்பது அவர்கள் வேலை. பதினான்கு கம்ப்யூட்டர்கள் இருந்தன. எந்தக் கப்பலின் காகிதம் யாருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதிப் பகல் போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கத்தான் சர்வர். வாங்கும் பொறுப்பு மேனேஜர் கோஷ் பாபுவுக்கு. முப்பது வருட சர்வீஸ்.

நான் கேள்விகளை எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேலை செய்வார்கள், எத்தனை வருடக் காகிதம் வைத்திருக்க வேண்டும், ஒரு நாள் அது நின்றுபோனால் எவ்வளவு நஷ்டம்? மூன்றுக்கும் "நிறைய" என்று ஒரே பதிலைச் சொன்னார். பிறகு என் கையிலிருந்த விளம்பரத் தாளைப் பிடுங்கிப் பின்பக்கம் திருப்பினார். சர்வரின் நீளம், அகலம், எடை அங்கேதான் இருந்தது. முதல்முறையாக அவர் முகம் தெளிந்தது. கால்குலேட்டரை எடுத்து விலையை எடையால் வகுத்தார். கொட்டேஷனில் எடையைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுச் சொன்னார்: "கிலோவுக்கு இவ்வளவா விழுது? ஜெர்மனியிலிருந்து மெஷின் பார்ட்ஸே இதைவிட மலிவா இறங்குதே, மா."

சிவப்புப் பென்சில்

அடுத்த முறை போனபோது ஒரு பட்டியல் கொண்டுபோனேன். ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் எழுதிக்கொள்ளும் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று செத்தாலும் மற்றது பிழைக்கும். தினமும் சாயங்காலம் பிரதி எடுக்க ஒரு டேப். கரண்ட் போனால் தாங்க ஒரு யு.பி.எஸ். சர்வர் அறைக்கு ஒரு ஏ.சி. கோஷ் பாபு சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். கட்டடத்தில் ஜெனரேட்டர் இருப்பதால் யு.பி.எஸ். போயிற்று. ஜெனரேட்டர் கிளம்ப ஐந்து நிமிடம் ஆகுமே என்று முனகினேன். அந்த ஐந்து நிமிடத்தில் ஆபீஸே டீ குடிக்கிறது, சர்வர் மட்டும் என்ன செய்யப்போகிறது என்றார். டேப்பும் போயிற்று. ஏ.சி. மட்டும் பிழைத்தது, ஆனால் அவருடைய அறைக்கு இடம் மாறியது. சர்வருக்கு மொட்டைமாடிப் படிக்கு அடியில் இடம் ஒதுக்கினார்.

கடைசியில் மிஞ்சியது இரண்டாவது டிஸ்க். முப்பது வருடமாக ஒவ்வொரு காகிதத்தையும் கார்பன் வைத்து மூன்று பிரதி எடுத்து வாழ்ந்த மனிதர் அவர். விரல் நுனியில் அந்த நீலம் அன்றைக்கும் இருந்தது. அந்த விரலால்தான் அதையும் அடித்தார். அவராகவே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஒரே கணக்கை ரெண்டு இடத்தில வைக்கிறவனைத்தான் கஸ்டம்ஸ்காரன் பிடிப்பான். நீ சின்னப் பெண், உனக்குத் தெரியாது."

துணைக்கு இரண்டு

அந்த ஆபீசில் ஒரு விதி உண்டு. எதை வாங்கினாலும் மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல விதிதான். நடைமுறையில், விற்கப்போகிறவரே மூன்றையும் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். மித்ரா-தா மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு கட்டு லெட்டர்ஹெட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஒன்று அவர் மனைவி பெயரில் உள்ள கம்பெனி. மற்றது அவர் மைத்துனர் பாபி-தாவுடையது. பாபி-தா கல்யாணப் பத்திரிகை விற்பவர். வீட்டில் இதைச் சொன்னபோது, வங்கியில் ஆபீசரான அப்பா மோர்ச் சாதத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எங்க பேங்க்லயும் அப்படித்தாம்மா. ரெண்டு எப்பவும் துணைக்கு வரும்" என்றார்.

எங்கள் கொட்டேஷனில் கோஷ் பாபு வெட்டிக் கொத்தி மிச்சம் வைத்த எலும்புக்கூட்டை எழுதினேன். இரண்டாவதில் அதே எலும்புக்கூடு, கொஞ்சம் கூடுதல் விலையில். பாபி-தாவின் தாள் டைப்ரைட்டரில் ஏறியபோது எனக்கு என்னவோ ஆயிற்று. பேச வராதவளுக்குக் கோபம் விரலில்தான் வரும். அவர்கள் உண்மையில் வாங்க வேண்டியது எதுவோ அதை அப்படியே அடித்தேன். இரண்டு டிஸ்க், டேப், பேட்டரிகளோடு பெரிய யு.பி.எஸ்., எல்லாவற்றுக்கும் எடை. விலை எங்களுடையதைப் போல இரண்டு மடங்கு வந்தது. மித்ரா-தா மொத்தத் தொகையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இதில் இருக்கிற சாமான் வேறு என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தோற்கிற கொட்டேஷனை எவன் படிக்கப் போறான்? கவர்ல போட்டு ஒட்டு" என்றார்.

தீர்ப்பு

விஸ்வகர்மா பூஜை கல்கத்தாவில் இயந்திரங்களுக்கான ஆயுத பூஜை. அன்றைக்குச் சர்வருக்குக் குங்குமம் வைத்தாக வேண்டும் என்பதால், பூஜைக்கு இரண்டு வாரம் முன்பு கோஷ் பாபு போன் செய்தார். ஒவ்வொரு விலையையும் அதன் எடையால் வகுத்துப் பார்த்தாராம். எங்கள் சர்வர் பன்னிரண்டு கிலோ. மூன்றாவது கொட்டேஷனில் பேட்டரிகளையும் சேர்த்து நூற்று நாற்பது கிலோ. விலை இரண்டு மடங்கு, எடையோ பதினோரு மடங்குக்கு மேல். கிலோ கணக்கில் அதைவிட மலிவான சர்வர் கல்கத்தாவிலேயே கிடையாது. அவரே பென்சிலால் அடித்த சாமான்கள் அத்தனையும் அதில் இருந்தன. அவர் அவற்றைப் படிக்கவே இல்லை.

என் வேலை போனிலேயே கரைந்துகொண்டிருந்தது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு நானும் ஒருமுறை வகுத்துப் பார்த்தேன். நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்து அவர் ஆறுதலாகச் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் காத்தை விக்கிறீங்க, மா. அந்த ஆள்தான் சரக்கு கொடுக்கிறான்."

புதிய வியாபாரி

மித்ரா-தா ஒரு நாள் முழுக்கப் போனில் யாரோடோ சண்டை போட்டார். மறுநாள் சொன்னார்: ஆர்டர் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டது, சொன்ன பேச்சு சொன்னதுதான், மாதக் கடைசி உனக்குக் கடைசி. போட்டிக் கம்பெனி அவர் மனைவியின் தம்பி பாபி-தாதான். ஆர்டரைக் கொடுத்துவிடு என்று இவர் கேட்டிருக்கிறார். பெயர் என்னுடையது, ஆர்டரும் என்னுடையது என்று பாபி-தா சொல்லிவிட்டார்.

மித்ரா-தா வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் பாபி-தா ஆர்டர் காகிதத்தோடு வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இது எத்தனை கலர் என்று கேட்டார். நான் விளக்கினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. வாழ்க்கையில் அதற்குமுன் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. எங்கே வாங்குவது, யார் பொருத்துவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு, "நான்" என்றேன்.

பூஜைக்கு முந்தின நாள் நான்கு கூலிகள் மூச்சு வாங்கிக்கொண்டு அதை மாடிக்கு ஏற்றினார்கள். ஒவ்வொரு படியிலும் அவர்கள் திணறத் திணற கோஷ் பாபுவின் முகம் மலர்ந்தது. பதினான்கு கம்ப்யூட்டரும் சாயங்காலத்துக்குள் பேச ஆரம்பித்தன. இறங்கி வரும்போது பாபி-தா என்னைத் தன்னோடு சேர்ந்துவிடச் சொன்னார். கிடர்பூரில் இன்னும் நாலு ஆபீஸ் எடை கேட்கிறார்களாம். மாதம் முடிய இரண்டே வாரம் இருந்தது. எழுத்தில் வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே சொன்னார்: "நீயே அடிச்சுக்கோ. என் லெட்டர்ஹெட் மொத்தமும் உன் மேஜையிலதானே கிடக்கு?"

இந்தத் தொழிலில் நான் உள்ளது உள்ளபடி எழுதிய ஒரே கொட்டேஷன், கல்யாணப் பத்திரிகை விற்பவர் பெயரில், தோற்பதற்கென்றே எழுதியது.